பரணில் ஏறிய கிட்டார்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மும்பையில் நான் ஊழியம் செய்துவந்த சபைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த குடும்பம் ஒன்று உண்டு. தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஒரு பட்டறையில் வேலை செய்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை; அதற்குள் ஐந்து பேர். அந்த வீட்டின் மூத்த பிள்ளைக்குப் பதினைந்து வயது. யாரோ கொடுத்த பழைய கிட்டார் ஒன்று அவள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆராதனையில் வாசிப்பதற்குக் கற்றுக்கொள்கிறாள் என்று நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம்.

ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்ததும் அவள் தயங்கித் தயங்கி, "பாஸ்டர், நானே ஒன்று அமைத்திருக்கிறேன். கேட்கிறீர்களா?" என்றாள். பெருவிரலால் தடித்த தந்தியை விட்டுவிட்டு மீட்டிக்கொண்டே, மற்ற விரல்களால் மெல்லிய தந்திகளில் வேறொரு மெட்டை ஓடவிட்டாள். "இதற்குப் பெயர் 'தண்ணீர் வரும் நேரம்', பாஸ்டர்" என்றாள். விடியற்காலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது, வரிசையில் வைத்த குடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும் ஓசையைத்தான் அவள் கிட்டாரில் கொண்டுவந்திருந்தாள். காலிக் குடத்தில் விழும் தண்ணீருக்கு ஓர் ஒலி. கழுத்துவரை நிரம்பிய குடத்தில் விழும் தண்ணீருக்கு வேறோர் ஒலி. பட்டணத்தில் குழாயடியில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றாயிருக்கிறதம்மா. ஆனால் இதற்கு வார்த்தை எங்கே? வார்த்தையில்லாத பாட்டு யாரைத் துதிக்கும்?" என்றேன். அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். தகப்பனார் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நான் சென்றபோது கிட்டார் பரணில் ஏறியிருந்தது. அதன்மேல் ஒரு பழைய சேலை சுற்றப்பட்டிருந்தது. பரணில் வைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆனாலும் ஊழியக்காரன் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு, அவன் எண்ணியதைவிட எடை அதிகம்.

இந்த நிகழ்ச்சியை நான் ஏறக்குறைய மறந்தே போனேன். சில மாதங்களுக்கு முன் என் மகன் தன் கைப்பேசியில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டு, "அப்பா, இந்தப் பாட்டியின் வாசிப்பைக் கேளுங்கள்" என்றான். அந்தப் பாட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, என் முகத்தையே கண்ணாடியில் கண்டதுபோல் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரயில் பாதையோரத்துச் சிறுமி

அவர் பெயர் எலிசபெத் காட்டன். 1893-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் என்னும் ஊரையடுத்த இடத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அம்மக்களுக்குக் கல்வியின் வாசலும் வேலையின் வாசலும் மிகக் குறுகியிருந்த காலம் அது. எலிசபெத் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு நின்று, வீட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது.

அவருடைய அண்ணனிடம் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் இருந்தது. அண்ணன் வேலைக்குச் சென்றபின் அதை இரகசியமாக எடுத்து மீட்டிப் பார்ப்பது சிறுமியின் வழக்கம். மாதம் ஒரு டாலருக்கு மேற்படாத கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 3.75 டாலருக்கு ஒரு மலிவான கிட்டாரை வாங்கினார். மாதக்கணக்கில் பிறர் வீட்டில் உழைத்த கூலி அப்படியே ஒரு வாத்தியமாயிற்று.

எலிசபெத் இடக்கைப் பழக்கமுள்ளவர். கிட்டாரோ வலக்கைக்காரர்களுக்கென்று தந்தி பூட்டப்பட்டது. கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே தந்திகளை மாற்றிப் பூட்டாமல், கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மேலே இருக்கவேண்டிய தடித்த தந்திகள் கீழே போயின. கீழே இருக்கவேண்டிய மெல்லிய தந்திகள் மேலே வந்தன.

இதன் அருமையை உணர, விரல்களால் மீட்டும் முறையைச் சற்று அறிந்துகொள்ளவேண்டும். நம் சபைகளில் பெரும்பாலும் கிட்டாரைப் பாடலுக்குத் துணையாகவே வாசிக்கிறோம். சிறு தகட்டினால் எல்லாத் தந்திகளையும் ஒருசேரத் தட்டி, கார்டுகளைக் கொடுக்கிறோம். 'ஃபிங்கர்ஸ்டைல்' என்று வழங்கும் முறை வேறு. அதில் ஒரே மனிதர், ஒரே கிட்டார். பெருவிரல் தடித்த தந்திகளில் மாறிமாறி நடைபோட்டுத் தாளத்தையும் அடிநாதத்தையும் காக்கும். அதே வேளையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பேசும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருவர் வாசிப்பதுபோலத் தோன்றும்.

எலிசபெத்தின் கையில் இவையெல்லாம் தலைகீழாயின. விரல்கள் அடிநாதத்தை நடத்தின. பெருவிரல் மெட்டை மீட்டியது. தவறாகப் பிடித்ததனாலேயே வேறெவருக்கும் இல்லாத ஓர் ஒலி அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அம்முறைக்கு அவர் பெயரையே வைத்து 'காட்டன் பிக்கிங்' என்றார்கள்.

அவருடைய வீட்டருகே ரயில் பாதை ஒன்று சென்றது. இரவும் பகலும் சரக்கு ரயில் போகும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர், பதினொன்று பன்னிரண்டு வயதில் தாமே ஒரு பாட்டை உண்டாக்கினார். அதுதான் 'ஃபிரைட் ட்ரெயின்'. அந்த ரயிலின் சத்தம் கேட்கும் இடத்திலேயே தன்னை அடக்கம் செய்யவேண்டும் என்று அந்தப் பாட்டில் ஒரு சிறுமி கேட்கிறாள். எளிய மெட்டுத்தான், ஆனால் உருளும் சக்கரத்தைப்போல் அடிநாதம் நிற்காமல் ஓடுகிறது.

சபை சொன்ன சொல்

எலிசபெத் சபையில் சேர்ந்தார். அங்கே தலைவர்களாயிருந்தவர்கள், உலகப் பாட்டுகளை வாசித்துக்கொண்டே தேவனுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று அவருக்கு அறிவுறுத்தினார்கள். 1910-இல் திருமணம், பின்பு ஒரு மகள், வீட்டு வேலை, பிறர் வீட்டு வேலை. சிறிது சிறிதாகக் கிட்டார் அவர் கையைவிட்டு அகன்றது. ஓரிரு ஆண்டுகள் அல்ல, பல பத்தாண்டுகள் அவர் வாசிக்கவேயில்லை.

அந்தத் தலைவர்கள் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். அந்நாட்களில் கிட்டார் என்றால் குடியும் நடனமும் நிறைந்த இரவுக் கூட்டங்களே அவர்கள் கண்முன் வந்திருக்கக்கூடும். ஆட்டுக்குட்டியை ஓநாயிடமிருந்து காப்பதாகவே அவர்கள் எண்ணியிருப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அந்தப் பெண்பிள்ளை என்ன வாசிக்கிறாள், எங்கிருந்து அது அவளுக்குள் வந்தது என்று பொறுமையாகக் கேட்பதற்கு முன்னே தீர்ப்பைச் சொல்லிவிட்டோம். அங்கேதான் நாங்கள் தவறினோம்.

அதே வட கரோலினாவில், சேப்பல் ஹில்லுக்குச் சமீபமான டர்ஹாம் நகரத் தெருக்களில் கிட்டார் வாசித்துவந்த ஒருவரையும் இங்கே நினைக்கவேண்டும். 1896-இல் தென் கரோலினாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த கேரி டேவிஸ் என்பவர் அவர். 1930-களில் பாப்டிஸ்ட் ஊழியராக அபிஷேகம் பெற்றார். ஊழியத்திற்கு வந்தபோது அவர் கிட்டாரைப் போடவில்லை. அதைத் தம்மோடு கொண்டுவந்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகிய இரண்டே விரல்களால் அவர் வாசித்த வாசிப்பு, கேட்டவர்களைத் திகைக்கச் செய்தது. பிற்காலத்தில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதித் தெருக்களில் பாடிப் பிரசங்கித்தார். கற்றுக்கொள்ளும்படி இளைஞர்கள் அவர் வீட்டைத் தேடிச் சென்றார்கள். 1972-இல் மரிக்கும்வரை ரெவரெண்ட் கேரி டேவிஸ் என்றே அறியப்பட்டார். அதே காலம், அதே மண், அதே வாத்தியம். ஒருவர் கையில் அது ஊழியத்திற்குத் துணையாயிற்று. மற்றவர் கையிலிருந்து அது இறக்கப்பட்டது.

சமையலறைச் சுவரில் ஒரு கிட்டார்

மகளுக்குத் திருமணம் ஆனபின், எலிசபெத் கணவரைப் பிரிந்து, வாஷிங்டன் நகரில் மகளோடு தங்கினார். ஊரைவிட்டுப் பட்டணம் வந்து, கிடைத்த வேலையைச் செய்து பிழைப்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. லான்ஸ்பர்க் என்னும் பெரிய கடையில், பொம்மைகள் விற்கும் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் கடையில் தாயைத் தவறவிட்டுத் திகைத்து நின்ற சிறுமி ஒருத்தியைக் கண்டு, தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அச்சிறுமியின் பெயர் பெக்கி சீகர். தாயார் ரூத் கிராஃபர்டு சீகர், பெயர்பெற்ற இசையமைப்பாளர். தகப்பனார் சார்ல்ஸ் சீகர், இசை ஆய்வாளர். இந்தச் சந்திப்பின் விளைவாக எலிசபெத் அவர்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

எப்படிப்பட்ட வீடு பாருங்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டு, சுரப்படுத்தி, நூலாக்கிக்கொண்டிருந்த வீடு அது. அவர்கள் தேடிய செல்வம், அவர்கள் சமையலறையிலேயே நின்று சமைத்துக்கொண்டும் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டும் இருந்தது. நெடுநாள் அது அவர்களுக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதை எடுத்து அவர் மெல்ல மீட்டிக்கொண்டிருந்ததைப் பெக்கி கண்டுவிட்டாள். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, வீட்டு வேலைக்கார அம்மாள் வாசிப்பதைக் கண்டு அந்தக் குடும்பமே வியந்தது. அவ்வீட்டுப் பிள்ளைகள் அவரை 'லிப்பா' என்று அன்பாக அழைத்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. மறந்துபோன பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, விரல்களை மீண்டும் பழக்கினார்.

படுக்கையறையில் ஓர் ஒலிப்பதிவு

பெக்கியின் அண்ணன் மைக் சீகர், 1957-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1958-இன் தொடக்கத்திலும், ஒலிநாடாக் கருவியைத் தூக்கிக்கொண்டு லிப்பாவின் வீட்டுக்கே சென்றார். ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. கண்ணாடித் தடுப்பு இல்லை. உடன் வாசிக்க ஆட்களும் இல்லை. ஒரு சாதாரண வீடு, ஒரு படுக்கையறை, பகலெல்லாம் உழைத்த ஒரு பாட்டி, சத்தம் போடாமலிருக்க முயன்றுகொண்டு அருகில் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைகள். அந்தச் சூழலில் பதிவானவைதான் 1958-இல் நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டு.

அந்தத் தட்டில் 'ஃபிரைட் ட்ரெயின்' இருந்தது. சொற்களே இல்லாமல் கிட்டார் மட்டும் பேசும் இசைகளும் இருந்தன. இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஜோசப் ஸ்க்ரிவன் எழுதிய, இயேசுவை நம் நண்பராகப் பாடும் உலகறிந்த பழைய கீர்த்தனையின் மெட்டும் அதில் இருந்தது. உலகத்திற்குரியது என்று சபை கீழே வைக்கச் சொன்ன வாத்தியம், மறுபடி கையில் எடுக்கப்பட்டவுடன், முதல் இசைத்தட்டிலேயே அந்தச் சபையின் கீர்த்தனையை வாசித்தது. சபை கிட்டாரை விலக்கியது. அவர் சபையின் பாட்டை விலக்கவில்லை. இதை எண்ணியபோது என் கண்கள் கலங்கின.

பாட்டுகள் பிறந்த இடங்கள்

லிப்பாவின் பாட்டுகள் எங்கிருந்து பிறந்தன என்று பார்த்தால், எல்லாம் வீட்டையும் வாசலையும் சுற்றியே இருக்கின்றன. ஒன்று ரயிலிலிருந்து பிறந்தது. இன்னொன்று அநியாயமாக வாங்கிய தண்டனையிலிருந்து பிறந்தது. தாயார் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்து மூதாட்டி ஒருவர், சிறுமியைப்பற்றி உண்மையல்லாத ஒன்றைத் தாயாரிடம் சொல்லிவிட்டார். தாயார் அதை நம்பித் தண்டித்தார். தன் சொல்லை எவரும் கேளாத வேதனையில் சிறுமி உண்டாக்கியதுதான் 'ஓ பேப் இட் எயின்ட் நோ லை' என்னும் பாட்டு. 'இது பொய்யல்ல' என்று ஒரு குழந்தை வைக்கும் முறையீடு அது.

வேலைக்குப் போகும் பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுச் செல்லும் நிர்ப்பந்தம் பட்டணத்தில் நம்மில் பலருக்கு உண்டு. மாலையில் களைத்துத் திரும்பியதும், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையை அடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்குள் அன்றிரவு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. எலிசபெத்துக்கு அது பாட்டாக வெளியே வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வழி கிடைப்பதில்லை.

1967-இல் வெளிவந்த அவருடைய இரண்டாவது இசைத்தட்டின் தலைப்புப் பாட்டாகிய 'ஷேக் சுகரீ' கொள்ளுப்பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து உண்டாக்கியது. பிள்ளைகள் ஆளுக்கொரு அடி சொல்ல, பாட்டி மெட்டமைத்தார். அதைப் பாடியவளும் கொள்ளுப்பேத்தியே. லிப்பா கிட்டார் வாசித்தார். நான்கு தலைமுறை ஒரு பாட்டில் கூடியிருக்கிறது.

பெயர் தொலைந்த கதை

பெக்கி சீகர் வளர்ந்து இங்கிலாந்துக்குச் சென்றபோது, வளர்த்த அம்மாளின் ரயில் பாட்டையும் அங்கே பாடினார். கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1957-இல் சாஸ் மக்டெவிட் குழுவினர் நான்சி விஸ்கியின் குரலில் அதை வெளியிட்டபோது, பிரிட்டனில் அது பெரும் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் பாட்டின் உரிமை வேறு பெயர்களில் பதிவாகியிருந்தது. பாட்டை உண்டாக்கியவரோ வாஷிங்டனில் பிறர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். நெடிய முயற்சிக்குப் பின்னரே அவருடைய பெயரும் உரிமையும் அவருக்குத் திரும்பின.

பிற்பாடு மரியாதைகள் வந்தன. 1960-இல் மைக் சீகரோடு முதன்முதலாக மேடையேறினார். கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் கிடைத்த பணத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் சொந்த வீடு வாங்கினார். 1984-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. 1985-இல், தொண்ணூற்றிரண்டு வயதில், கிராமி விருது பெற்றார். 1987 ஜூன் 29 அன்று மரித்தார். 2022-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்திலும் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. பிறர் வீட்டைப் பெருக்கிய கைகளுக்குக் கிடைத்தவை இவை. ஆனாலும் இளமையின் அந்தப் பல பத்தாண்டுகளை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அவர் உண்டாக்கியிருக்கக்கூடிய இசைகள் எத்தனை என்பதைக் கணக்கிடவும் வழியில்லை.

வார்த்தையில்லாத இசை யாரைத் துதிக்கும்?

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்ட கேள்வியை இப்போது என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்தவன் நான். 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கலங்கிப்போயிருந்த சவுலுக்கு முன்பாகத் தாவீது சுரமண்டலத்தைக் கையினால் வாசித்தபோது, சவுல் ஆறுதலடைந்து சொஸ்தமானான். அங்கே தாவீது பாடியதாக எழுதியிருக்கிறதா? இல்லை, கையினால் வாசித்தான் என்று மட்டுமே இருக்கிறது. 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் எலிசா தீர்க்கதரிசி, கர்த்தருடைய வார்த்தைக்குக் காத்திருந்தபோது வாத்தியக்காரன் ஒருவனை அழைத்துவரச் சொன்னார். அங்கும் வாத்தியத்தின் ஒலிதான். அதன்பிறகே வார்த்தை வந்தது. இத்தனையும் அறிந்திருந்தும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு பிள்ளை விரல்களால் மீட்டியபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

எல்லா இசையும் நல்லது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள், யாரோடு சேர்கிறார்கள் என்று கவனிப்பது பெற்றோரின் கடமைதான். ஆனால் கவனிப்பது வேறு, வாயடைப்பது வேறு. கேட்டபின் சொல்லும் புத்தி பிள்ளையை வளர்க்கும். கேளாமல் சொல்லும் புத்தி கிட்டாரைப் பரணில்தான் ஏற்றும்.

வீட்டிலேயே பதிவு செய்யும் பிள்ளைகளுக்கு

நம் சபைகளின் வாலிபர் பலர் இன்று சொந்தமாக இசையமைத்துப் பதிவு செய்ய விரும்புகிறார்கள். பெரிய கூடத்திற்கு வாடகை கொடுக்க வசதியில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். லிப்பாவின் முதல் இசைத்தட்டு ஒரு வீட்டில் பதிவானது என்பதை மறவாதிருங்கள். என் மகனும் அவன் நண்பர்களும் அனுபவத்தில் கற்றுச் சொன்ன சிலவற்றைத் தருகிறேன்.

கைப்பேசியிலுள்ள ஒலிப்பதிவு வசதியே தொடக்கத்திற்குப் போதும். கைப்பேசியையோ மைக்கையோ கிட்டாரின் நடுத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். அடிநாதம் குமுறி மெட்டை மூடிவிடும். கழுத்துப் பகுதி உடலோடு சேரும் இடத்திற்கு நேராக, ஏறக்குறைய ஓரடி தள்ளி வையுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் சற்று நேரம் நிறுத்துங்கள். வெறுஞ்சுவருள்ள அறையில் எதிரொலி மிகும். துணி அலமாரியும் மெத்தையும் போர்வைகளும் உள்ள அறையே நல்லது. ஒற்றை அறை வீட்டில் இவையெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது, இந்த ஒன்றுக்காகிலும் நன்மையாயிற்று. பட்டணம் அடங்கும் பின்னிரவில் பதிவு செய்யுங்கள். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய தகப்பனாரின் தூக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எஃகுத் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

ஒவ்வோர் இசைக்கும் ஒரு நோட்டில் இடம் ஒதுக்குங்கள். தேதி, தந்திகளைச் சுருதி சேர்த்த விதம், அந்த மெட்டு எங்கிருந்து பிறந்தது என்னும் விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். பதிவின் பிரதியை இரண்டு இடங்களில் வைத்திருங்கள். உங்கள் பெயரை அதனோடு சேர்த்தே அனுப்புங்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சொந்த இசையை உண்டாக்கியவருக்கு அப்போதே உரிமை பிறக்கிறது. பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்பதில்லை. அவருடைய வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஆனாலும் நீங்கள்தான் உண்டாக்கினீர்கள் என்பதற்குத் தேதியிட்ட சான்று கையில் இருப்பது நல்லது. லிப்பாவுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவேண்டாம்.

நான் செய்த ஒரு தொலைபேசி அழைப்பு

லிப்பாவின் வரலாற்றைப் படித்த வாரத்திலேயே, அந்தப் பெண்பிள்ளையின் எண்ணைத் தேடிப் பெற்றேன். இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருமணமாகி வேறொரு நகரத்தில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. நலம் விசாரித்தபின், நான் அன்று சொன்னதை நினைவூட்டி, "அது தவறு அம்மா. என்னை மன்னித்துவிடு" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "பாஸ்டர், நீங்கள் போய் அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா! பரவாயில்லை" என்றாள். பிறகு தயக்கத்தோடு, "அந்த மெட்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஆரம்பம் மட்டுந்தான் வருகிறது, மீதி வரவில்லை" என்று கேட்டாள்.

எனக்கும் நினைவில்லை. எவரும் அதைப் பதிவு செய்யவில்லை. லிப்பாவின் ரயில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் விரல்களில் மிஞ்சியிருந்தது. ஒலிநாடாவோடு ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் குழாயடியின் அந்த இசைக்கு அப்படி ஒருவர் வரவில்லை. வந்த ஒருவனும் வார்த்தை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனேன்.

கிட்டார் இன்னும் அவளுடைய தாயார் வீட்டுப் பரணில்தான் இருக்கிறதாம். மே மாத விடுமுறைக்கு வரும்போது இறக்கிப் பார்ப்பதாகச் சொன்னாள். "விரலில் காய்ப்பெல்லாம் மறைந்துவிட்டது பாஸ்டர், மறுபடியும் வலிக்கும்" என்று சிரித்தாள். புதிய தந்திகள் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

பிரியமான பெற்றோரே, உடன் ஊழியரே, உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒரு பிள்ளை வந்து, "நானே ஒன்று அமைத்திருக்கிறேன், கேட்கிறீர்களா?" என்று கேட்டால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். முடியும்வரை கேளுங்கள். இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சொல்லவேண்டிய புத்தி இருந்தால் அதன்பின் சொல்லுங்கள். கைப்பேசி அருகில் இருந்தால், பிள்ளை வாசிக்கத் தொடங்குமுன்னே பதிவுப் பொத்தானை அழுத்திவிடுங்கள்.